செனான் விளக்கு: சொல் விளக்கம்

கார் உதிரிபாகக் கடையில் போய் ஹெட்லைட்டுக்குச் 'செனான்' என்று கேட்டால் இரண்டு வேறு வேறு பொருள்களை எடுத்துக் காட்டுவார்கள். ஒன்று, பல்பு, பேலஸ்ட் என்னும் மின் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஒயர் எல்லாம் அடங்கிய கிட். இன்னொன்று, கண்ணாடியில் நீலப் பூச்சு உள்ள ஹாலோஜன் பல்பு. அதன் அட்டைப்பெட்டியிலும் செனான் என்றுதான் அச்சடித்திருக்கும். காசு கொடுக்கும் முன் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

செனான் ஒரு தனிமம், அணு எண் 54. லண்டனில் வில்லியம் ராம்சேயும் மாரிஸ் டிராவர்சும் திரவக் காற்றைப் பிரித்து ஆராய்ந்தபோது, 1898-இல் கிரிப்டானோடு ஒட்டிக்கொண்டு வந்த வாயு இது. ஒரு கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. 'செனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். அயலான் என்று பொருள்; விருந்தாளி என்றும் பொருள் உண்டு. தமிழிலும் விருந்து என்றால் முதலில் புதுமைதான். தொல்காப்பியம் புதிய யாப்பில் பாடுவதை விருந்து என்கிறது. புதிதாய் வந்தவர் விருந்தினர் ஆனார். அவருக்குப் போட்ட சாப்பாடு அப்புறம்தான் விருந்தாயிற்று.

தனிமத்தின் பெயரைச் செனான் என்றே வைத்துக்கொள்ளலாம். ஹெட்லைட்டுக்கு முகப்பு விளக்கு என்ற நல்ல சொல் ஏற்கெனவே புழங்குகிறது. சிக்கல், 'செனான் விளக்கு' என்று சேர்த்துச் சொல்லும்போதுதான். இதற்குச் சரியான தமிழ் 'மின்னிறக்க விளக்கு', அதாவது வாயு வழியாக மின்சாரம் பாய்ந்து ஒளிரும் விளக்கு. காரணம், அது வேலை செய்யும் விதம்.

ஹாலோஜன் பல்பில் டங்ஸ்டன் இழை சூடேறி ஒளிர்கிறது. மின்னிறக்க விளக்கில் இழையே கிடையாது. சின்னக் குவார்ட்ஸ் குமிழுக்குள் சில மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு மின்முனைகள். டியூப்லைட்டுக்குச் சோக் மாதிரி இதற்குப் பேலஸ்ட். தொடக்கத்தில் 20,000 வோல்ட் அளவில் ஓர் அடி கொடுத்து, முனைகளுக்கு நடுவே 'மின்வில்' ஒன்றை, அதாவது விடாமல் ஒளிரும் மின்பொறியை, உண்டாக்குகிறார்கள். சுவிட்சைப் போட்டதும் வெளிச்சம் வருவது செனானால். சில நொடிகளில் உள்ளே இருக்கும் உலோக உப்புகள் ஆவியாகின்றன. அதன்பின் சாலையில் விழும் ஒளியில் பெரும்பங்கு அந்த உப்புகளுடையது. ஹாலோஜனுக்குத் தமிழில் உப்பீனி என்று பெயர். உப்பை ஈனுவது என்ற கிரேக்கப் பொருளை அப்படியே பிடித்த சொல். செனான் விளக்கில் ஒளிர்வதும் உப்பீனி சேர்ந்த உப்புகளே!

மின்னிறக்க விளக்கு என்று புரிந்துகொண்டால், வெறும் பல்பை மட்டும் மாற்றுவது ஏன் தவறு என்பதும் விளங்கும். பழைய டூமின் (முகப்பு விளக்குக் கூட்டின்) பிரதிபலிப்பான், ஓர் இழை எங்கே எந்த வடிவில் இருக்கும் என்று கணக்கிட்டுச் செய்தது. அங்கே மின்வில் வந்து உட்கார்ந்தால் கணக்கு மொத்தமும் கலைகிறது. 55 வாட் எச்7 வகை ஹாலோஜன் தருவது சுமார் 1,500 லூமன் (லூமன் என்பது ஒளியின் அளவு). 35 வாட் டி2எஸ் வகை மின்னிறக்க பல்பு சுமார் 3,200. இரண்டு மடங்கு ஒளி கட்டுப்பாடில்லாமல் சிதறினால், டிம்மில் போட்டிருந்தாலும் எதிரே பைக்கில் வருபவருக்குக் கண் கூசும். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஐரோப்பிய விதிகள் 2,000 லூமனுக்கு மேற்பட்ட தாழ்கற்றை (டிம்) விளக்குகளுக்குத் தானாக உயரம் சரிசெய்யும் அமைப்பையும், விளக்கின் கண்ணாடியைக் கழுவும் அமைப்பையும் கட்டாயமாக்கியதும் இந்தக் கூசலைத் தடுக்கத்தான். 1991-இல் பிஎம்டபிள்யூ 7 வரிசைக் காரில் இந்த விளக்கு வந்தபோது, அதற்கென்றே வடிவமைத்த முகப்பு விளக்கோடுதான் வந்தது. மாற்றுவதென்றால் ஒளியை லென்ஸால் ஒழுங்குபடுத்தும் புரொஜெக்டர் உட்பட முழுத் தொகுதியையும், உங்கள் வண்டிக்கு அனுமதி உள்ளதா என்று கேட்டுக்கொண்டு மாற்றுங்கள்.

பெட்டியில் இருக்கும் 'கெல்வின்' எண் நிறத்தைச் சொல்வது, வெளிச்சத்தின் அளவை அல்ல. கார் நிறுவனங்கள் பொருத்துவது 4,300 கெல்வின் அளவில், வெண்மையாக இருக்கும். 8,000 என்று போட்டிருந்தால் நீலம் கூடும்; கிடைக்கும் லூமன் குறையும்.