வைல்ட் கேம்பிங்: காட்டில் தங்குவதா, காட்டுத்தனமாகத் தங்குவதா?

'வைல்ட் கேம்பிங்' என்பதை ஒருவர் தமிழில் 'காட்டு முகாம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். காடும் தப்பு, முகாமும் தப்பு.

இங்கிலாந்தின் டார்ட்மூர் தேசியப் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். கருங்கல் குன்று, சதுப்பு, புல், ஓயாத காற்று. மேட்டு நிலத்தில் மரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பையைச் சுமந்து நடந்துபோய் அங்கே ஓர் இரவு கூடாரம் போட்டுப் படுத்தால் அது வைல்ட் கேம்பிங். குழாயும் கழிப்பறையும் வைத்துக் காசு வாங்குகிற கூடாரத் திடலுக்கு வெளியே தங்குவது, அவ்வளவுதான். 'வைல்ட்' இடத்தைப் பற்றிய சொல், நடத்தையைப் பற்றியது அல்ல.

'கேம்ப்' லத்தீன் 'கம்புஸ்' வழி வந்தது. வயல், வெட்டவெளி என்று பொருள். வெளி போர்க்களமானது, பிறகு படை தங்கும் இடமானது. கல்லூரி கேம்பஸும் சாம்பியனும் இதன் உடன்பிறப்புகள். நம் 'முகாம்' அரபியிலிருந்து வந்தது. இன்று கண் சிகிச்சையும் அகதிகளும்தான் நினைவுக்கு வருகிறார்கள். 'பாசறை'யைக் கட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பழைய சொல் 'பாடி'. முல்லைப்பாட்டில் அரசன் படை பிடவத்தையும் பச்சைப் புதர்களையும் வெட்டிச் சாய்த்து, முள்வேலி வளைத்து, கடல்போலப் பரந்த பாடி அமைக்கிறது. டார்ட்மூரில் அப்படிச் செய்தால் மறுநாளே கிளப்பிவிடுவார்கள்!

அங்கே சாலையிலிருந்து 100 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும், ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் கூடாது, நெருப்பு கூடவே கூடாது. தரைக்கடியில் இருப்பது பீட் எனும் மக்கிய தாவர மண். மேலே அணைத்தாலும் உள்ளே கனன்றுகொண்டே போகும்.

வம்பு வேறோர் ஆளால் வருகிறது. சாலையோரம் காரை நிறுத்தி, பக்கத்திலேயே மலிவுக் கூடாரம், பாட்டு, பீர், புல்லைக் கருக்கும் அடுப்பு. காலையில் ஈரக் கூடாரத்தைச் சுருட்டச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டுப் போவது. இதற்கு 'ஃப்ளை கேம்பிங்' என்று பெயர். ஈக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கள்ளத்தனமாகக் குப்பை கொட்டிவிட்டு ஓடுவதை அங்கே 'ஃப்ளை டிப்பிங்' என்பார்கள். அந்த அச்சில் வார்த்த சொல். 2020 ஊரடங்கு தளர்ந்த கோடையில் இந்தக் கூட்டம் பெருகியது.

டார்ட்மூரில் நிலம் வைத்திருக்கும் ஒரு தம்பதி வழக்குப் போட்டதில் சண்டையே சொல்லைப் பற்றித்தான். 1985 சட்டம் பொதுமேய்ச்சல் நிலத்தில் 'திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கு' உரிமை தருகிறது. கூடாரத்துக்குள் தூங்குவது அதில் சேருமா? சேராது என்றது உயர் நீதிமன்றம், 2023 ஜனவரியில். அதே ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சேரும் என்றது. 2025 மே 21 அன்று உச்ச நீதிமன்றமும் ஒருமனதாக அதையே சொன்னது.

ஸ்காட்லாந்தில் 2003 சட்டமே இந்த உரிமையைத் தந்திருக்கிறது. ஆனால் காரில் எளிதாகப் போய்விடக்கூடிய லோமண்ட் ஏரிப் பூங்காவின் கரையோரப் பகுதிகள் பலவற்றில், 2017 முதல் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு வேண்டும்.

சரி, தமிழில்? 'பாடி' எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் இன்று சொன்னால் சென்னையின் பாடிப் பகுதியில் இறங்கிவிடுவார்கள், இல்லையென்றால் உடம்பு என்று நினைப்பார்கள். 'வெட்டவெளித் தங்கல்' என்பேன். லத்தீன் வேரும் அதில் தற்செயலாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஃப்ளை கேம்பிங்குக்கு 'அடாவடித் தங்கல்'.