காலா மோதியா ‘கருப்புப் புரை’ ஆகாது

மயூர் விகாரில் நான் காய் வாங்கும் கடைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தமிழ் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தில்லியில் சுவரில் தமிழ் எழுத்தைப் பார்த்தால் கால் தானாக நின்றுவிடும். இலவசக் கண் பரிசோதனை முகாமாம். “வெள்ளைப் புரை, கருப்புப் புரை இரண்டுக்கும் பரிசோதனை செய்யப்படும்” என்று போட்டிருந்தது. இந்தக் கருப்புப் புரையை இந்த வருஷத்தில் நான் பார்ப்பது மூன்றாவது தடவை. முதல் தடவை சிரித்துவிட்டுப் போனேன். இப்போது சிரிப்பு வரவில்லை, காரணம் பிறகு சொல்கிறேன்.

எப்படி முளைத்தது என்பது எளிது. கண்புரைக்கு இந்தியில் மோதியாபிந்த் என்று பெயர். மோதி என்றால் முத்து, பிந்து என்றால் துளி. பேச்சில் மோதியா என்று சுருங்கிவிடும். (கோடைக்காலத்தில் இங்கே மல்லிகைக்கும் மோதியா என்று ஒரு பெயர் உண்டு. நம் ஊரில் கண்ணில் ‘பூ விழுந்தது’ என்பார்களே, அது வேறு சமாசாரம், கருவிழியில் விழும் வெள்ளைத் தழும்பு.) சஃபேத் மோதியா என்றால் கண்புரை, காலா மோதியா என்றால் கிளாக்கோமா. மொழிபெயர்த்தவர் கூட்டல் கணக்குப் போட்டிருக்கிறார். மோதியா புரை, காலா கருப்பு, ஆகக் கருப்புப் புரை. கணக்கு சரி, நோய்தான் மாறிப் போயிற்று.

புரை என்ற சொல் நம்மிடம் பழசு. துளை, உட்குழிவு, குற்றம் என்று பல பொருள். குறளில் ‘புரைதீர்ந்த நன்மை’ வருகிறதே, அங்கே புரைக்குக் குற்றம் என்று பொருள். புண் புரையோடுகிறது, சாப்பிடும்போது புரையேறுகிறது. கண்ணுக்கு வந்தால் ஒரே பொருள்தான்: கண்ணுக்குள் இருக்கிற வில்லை பால்போல மங்கிப் போவது. அது முத்தும், எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைத்தால் பார்வை திரும்பும். இதைத் தமிழ்நாட்டில் படிக்காத கிழவிக்கும் தெரியும். “புரை உரிச்சாச்சா?” என்று திண்ணையில் விசாரிக்கிற அளவுக்கு வீட்டுச் சொல் அது. அதாவது புரை என்று சொன்ன மாத்திரத்தில் கேட்பவர் மனசில் மூன்று சங்கதி வந்து உட்கார்ந்துவிடும்: அவசரமில்லை, முத்தட்டும், எடுத்தால் சரியாகிவிடும். கிளாக்கோமாவுக்கு இந்த மூன்றுமே பொய்.

எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற பெண்ணின் தாயார் சேலத்துப் பக்கம். என்னைக் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியில் நூலைக் கோத்துவிடுவார், ஆனால் பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவார். கதவு நிலையில் தோள் இடிக்கும். ஏதோ ஒரு முகாமில் பார்த்து, சீட்டில் இந்தியில் காலா மோதியா என்று எழுதி, சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். கூட இருந்த யாரோ அதைக் ‘கருப்புப் புரை’ என்று தமிழில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு புட்டி தீர்ந்ததும் மருந்தை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். “புரைதானே கண்ணு, முத்துனா ஒரேடியா உரிச்சுக்கலாம். இந்தச் சொட்டு போட்டும் ஒண்ணும் தெளியலையே” என்றார். அவர் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. சொல் சொன்னபடி நடந்திருக்கிறார், அவ்வளவுதான்.

நோய் என்னவென்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். கண்ணின் முன்பகுதிக்குள் ஒரு தெளிந்த நீர் எந்நேரமும் ஊறிக்கொண்டும் ஓரத்து வடிகால் வழியாக வடிந்துகொண்டும் இருக்கிறது. வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், பின்னால் இருக்கிற பார்வை நரம்பு நலியும். பெரும்பாலும் வலி இருக்காது. பார்வை ஓரத்திலிருந்து அரிக்கும், நடுப்பார்வை கடைசிவரை நிற்கும், அதனால்தான் ஊசிக்கு நூல் கோக்க முடிகிறது. போன நரம்பு போனதுதான். சொட்டு மருந்து பார்வையைத் தெளியவைப்பதற்கு அல்ல, மிச்சமிருப்பதைக் காப்பதற்கு.

கிளாக்கோமா என்ற கிரேக்கச் சொல்லின் கதை சுருக்கமானது. கிளௌக்கோஸ் என்றால் நீலமும் பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு நிறம், கடலின் நிறம். நாம் பசும்புல் என்றும் பசும்பொன் என்றும் ஒரே வாயால் சொல்வதில்லையா, அதுபோல எல்லை பிடிபடாத நிறம். முதியவர்களுக்கு வரும் கண்கோளாறு என்று ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்களிலேயே இச்சொல் இருக்கிறது. புரை எது, இது எது என்று அன்றைக்குப் பிரித்துத் தெரியாது. கண்ணுக்குள் எட்டிப் பார்க்கும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் செய்த பிறகுதான் உள்ளே நரம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வழி பிறந்தது. 1857இல் ஃபான் கிரேஃப் இதற்கு அறுவை மருத்துவம் சொன்னார். ஆனால் நிறத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜெர்மானியர் புரையைச் சாம்பல் என்றும் இதைப் பச்சை என்றும் சொல்கிறார்கள், அரபியில் வெள்ளை நீர், நீல நீர். தில்லிக்காரர் கருப்பு என்கிறார். ஆளுக்கொரு சாயம்.

நண்பர் ஒருவர் (தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், தூய தமிழ்ப் பற்றாளர்) ‘பசும்படலம்’ என்கிறார். கிரேக்க மூலத்துக்கு நேர்த் தமிழாம். எந்த நோயாளி கண்ணாடி முன் நின்று தன் கண்ணில் பசுமையைப் பார்த்தார்? படலம் எங்கே இருக்கிறது? இல்லாத நிறம் ஒன்று, இல்லாத படலம் ஒன்று. 2000 வருஷத்துக்கு முந்திய தவறான ஊகத்தைத் தூய தமிழில் பெயர்ப்பதால் யாருக்கு என்ன லாபம்? அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சரி, ஒலியை அப்படியே எழுதிவிடலாம் என்றால் அங்கேயும் ஒரு கண்ணி. இந்திப் பத்திரிகைகளில் இது பெரும்பாலும் ‘குலூக்கோமா’ என்றே அச்சாகிறது. அதைப் பார்த்து நம்மவர்கள் ‘குளுக்கோமா’ என்கிறார்கள். குளுக்கோஸ் நினைவுக்கு வராமல் இருக்குமா? சர்க்கரை இல்லாதவர் “எனக்கு அது வராதே” என்கிறார், இருப்பவர் “சர்க்கரை குறைந்தால் சரியாகிவிடும்” என்கிறார். ஒலியைத்தான் எழுதுவேன் என்பவர் கிளாக்கோமா என்றாவது எழுதட்டும்.

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் ‘கண்நீர் அழுத்த நோய்’ என்று எழுதுகிறார்கள். இருப்பதில் இதுதான் உருப்படியானது, நோயைத் தொட்டுச் சொல்கிறது. ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. கண்ணும் நீரும் சேர்ந்தால் தமிழில் என்ன ஆகும்? கண்ணீர் ஆகும். அச்சில் புணர்ச்சியைத் தடுத்து நிறுத்தி ‘கண்நீர்’ என்று எழுதிவிடலாம், வாயை எப்படித் தடுப்பது? சொன்னால் கண்ணீர் என்றுதான் காதில் விழும். அழுகைக் கண்ணீர் வேறு சுரப்பியில் ஊறி மூக்கு வழியாக இறங்குவது, இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. “எனக்குக் கண்ணுல தண்ணி வர்றதே இல்லையே” என்று ஒரு மாமி கேட்டால் அவர்மேல் பிழை சொல்ல முடியாது.

ஆகவே என் ஓட்டு ‘விழியழுத்த நோய்’ என்பதற்கு. விழி என்றால் உருண்டை நினைவுக்கு வரும், அழுத்தம் அந்த உருண்டைக்குள்தான். கண்ணீர் நுழைய இடமில்லை. இரத்த அழுத்தத்தோடு குழப்பிக்கொள்வார்களே என்றால், விழி என்று முன்னால் ஒட்டியிருக்கிறதே. இன்னொரு ஆட்சேபம் கனமானது: பாதரசக் கணக்கில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இயல்பான அழுத்தம், அந்த அளவைத் தாண்டாமலே சிலருக்கு நரம்பு நலிகிறதே, பிறகு எப்படி அழுத்த நோய் என்பது? நியாயம். ஆனால் அவர்களுக்கும் மருத்துவம், இருக்கிற அழுத்தத்தை இன்னும் குறைப்பதுதான். நோயாளி கையில் இருக்கிற ஒரே பிடி அழுத்தம். பெயரில் அந்தப் பிடி இருந்தால், புட்டி தீர்ந்ததும் இன்னொன்று வாங்கத் தோன்றும்.

இந்த இந்தி வழித் தமிழ் கண்ணோடு நிற்பதில்லை. இந்தியில் விழித்திரையும் ‘பர்தா’, செவிப்பறையும் ‘பர்தா’. அதை நம்பி ‘காதின் திரை கிழிந்துள்ளது’ என்று எழுதிய ஒரு காகிதத்தை நானே கையில் வாங்கிப் பார்த்தேன். பறை என்று நாம் வைத்திருக்கும் பெயர் எவ்வளவு அழகு, வேலையையும் சொல்கிறது, இலத்தீனில் அதற்குள்ள பெயரும் முரசுதான். பேச்சில் ‘காது ஜவ்வு’ என்றால்கூடப் புரியும். திரையாம், நாடகமா நடக்கிறது உள்ளே? ‘கான் பெஹ்னா’வைக் ‘காது ஓடுகிறது’ என்று பெயர்த்தவரும் இவருக்கு அண்ணன் தம்பியாகத்தான் இருக்க வேண்டும். காதில் சீழ் வடிகிறது என்று சொல்ல எத்தனை படிப்பு வேண்டும்?

நோட்டீஸில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்த பையன் பொறுமையாகக் கேட்டான். “மேடம், புரைங்கிறது தப்பு, அதை எடுத்துடணும், அவ்வளவுதானே?” என்றான். ஆமாம் தம்பி என்றேன். பத்து நாள் கழித்து அதே சுவரில் புது நோட்டீஸ். சொன்னபடி புரையை எடுத்துவிட்டிருந்தார்கள். “கருப்பு முத்து நோய்க்கு இலவசப் பரிசோதனை” என்று இருந்தது.