சின்கோனிசம்: கொயினாக் குறிகுணம்

ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்குச் செல்பவர்களுக்குச் சின்கோனா என்பது தேயிலைத் தோட்டம் சூழ்ந்த ஓர் ஊரின் பெயர். மலேரியா மருந்துக்கான பட்டையைத் தரும் மரத்தை அரசு அங்கே வளர்த்தது. மரங்கள் போய்த் தேயிலை வந்த பிறகும் மரத்தின் பெயர் ஊருக்கு நிலைத்துவிட்டது. மருத்துவ நூல்களில் வரும் ‘சின்கோனிசம்’ என்ற சொல்லும் அந்த மரத்தின் பெயரிலிருந்து பிறந்ததுதான். அந்த மரப்பட்டையின் சத்தான கொயினா (குயினைன்) மருந்தை உட்கொள்பவருக்குக் காது இரைச்சல், மந்தமான செவிப்புலன், தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், மங்கிய பார்வை, முகச் சிவப்பு ஆகியவை சேர்ந்து தோன்றும்போது அந்தத் தொகுதியை அது குறிக்கிறது.

1742ஆம் ஆண்டில் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயசு இம்மரத்துக்குப் பெயரிட்டபோது, பெரு நாட்டை ஆண்ட ஸ்பானிய ஆளுநரின் மனைவியான சிஞ்சோன் சீமாட்டியை நினைவில் கொண்டார். அவருடைய காய்ச்சல் இந்தப் பட்டையால் தீர்ந்தது என்ற கதையைப் பிற்கால ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. சிஞ்சோன் என்ற ஸ்பானிய ஊரின் பெயரில் இருந்த ஓர் எழுத்தை லின்னேயசு விட்டுவிட்டதால் ‘சிஞ்சோனா’ என்று ஒலித்திருக்க வேண்டியது ‘சின்கோனா’ ஆயிற்று. தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலையிலிருந்து இதன் விதைகளையும் நாற்றுகளையும் நீலகிரிக்குக் கொண்டுவரும் பணியை 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடத்திய ஆங்கிலேயர் கிளெமென்ட்சு மார்க்கம் அந்த எழுத்தைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார்; அது ஏற்கப்படவில்லை. மருந்தின் பெயருக்கோ வேறு வேர். ஆண்டீசு மலைமக்களின் கெச்சுவா மொழியில் ‘கினா’ என்றால் பட்டை. 1820இல் பெலெட்டியே, கவாந்து என்னும் இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் பட்டையிலிருந்து பிரித்தெடுத்த சத்துக்கு அதிலிருந்தே பெயர் அமைந்தது. தமிழில் அது கொயினா, பேச்சில் கொய்னா.

இந்த மருந்து உடலில் செய்யும் வேலையைப் பார்த்தால்தான் சொல்லின் பொருள் தெளிவாகும். மலேரியா ஒட்டுண்ணி இரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து, அங்குள்ள ஈமோகுளோபின் என்னும் புரதத்தைச் செரிக்கும்போது வெளிப்படும் ஈம் என்ற இரும்புள்ள பகுதி அதற்கே நஞ்சு என்பதால், அதைத் தீங்கற்ற படிகமாக மாற்றி வைத்துக்கொள்கிறது. அந்த மாற்றத்தைக் கொயினா தடுப்பதாகக் கருதப்படுகிறது. பயனளிக்கும் அளவுக்கும் தீங்கு தரும் அளவுக்கும் இடையே உள்ள தொலைவு இம்மருந்தில் மிகக் குறுகியது. கிலோ எடைக்கு 10 மில்லிகிராம் என 8 மணி நேரத்துக்கு ஒருமுறை 7 நாள் கொடுக்கும் வழக்கமான முறையிலேயே, இரண்டு மூன்று நாளில் “காதுக்குள்ள கொய்ங்குன்னு இரையுதுங்க டாக்டர், வாயெல்லாம் ஒரே கசப்புங்க” என்று நோயாளி சொல்லத் தொடங்குவார். உட்காதிலுள்ள செவிச்சுருளில் ஒலியை உணரும் உணர்மயிர்ச் செல்களை மருந்து தொடுவதன் அடையாளம் அந்த இரைச்சல். பெரும்பாலும் மருந்து முடிந்ததும் அது நீங்கிவிடும்.

இதனால்தான் தமிழில் சின்கோனிசத்துக்கு எந்தப் பெயரை வைக்கிறோம் என்பதில் கவனம் தேவைப்படுகிறது. ‘கொயினா ஒவ்வாமை’ என்பது பிழை; ஒவ்வாமை சிலருக்கே வருவது, உடலின் எதிர்ப்பாற்றலைச் சார்ந்தது, இதுவோ மருந்தின் அளவைச் சார்ந்து ஏறக்குறைய எல்லாருக்கும் வருவது. ஒவ்வாமை என்று ஒருமுறை சீட்டில் எழுதிவிட்டால், பின்னொரு நாள் உயிர்காக்கத் தேவைப்படும்போதும் அந்த மருந்தைக் கொடுக்கத் தயங்குவார்கள். ‘கொயினா நஞ்சேற்றம்’ கடும் நிலைக்குப் பொருந்தும். இலேசான நிலையில் அச்சொல்லைக் கேட்டவர் பயந்துபோய்ப் பாதியில் மாத்திரையை நிறுத்திவிட, எஞ்சிய ஒட்டுண்ணிகள் மீண்டும் பெருகும். ‘இசம்’ என்ற ஈற்றைக் கண்டு கொள்கை, இயம் என்று பெயர்ப்பதற்கும் இங்கே இடமில்லை, ஏனெனில் அது உடலின் ஒரு நிலையையே சுட்டுகிறது. சித்த மருத்துவத்தில் நோயின் அடையாளங்களைக் குறிகுணம் என்பார்கள். அந்த வழக்கை ஒட்டிக் ‘கொயினாக் குறிகுணம்’ என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. மருந்தின் பெயரும் இருக்கிறது, அச்சுறுத்தலும் இல்லை. கடும் நிலையைக் ‘கொயினா நஞ்சேற்றம்’ என்று தனியே குறிக்கலாம்: பார்வை இழப்பு, இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைதல், இரத்த அழுத்தம் சரிதல் ஆகியவை அதில் அடங்கும், அவற்றில் பார்வை இழப்பு சிலருக்கு மீளாமலும் போகலாம்.

கொயினாவின் தீங்குகள் எல்லாம் இந்தச் சொல்லுக்குள் வந்துவிடா. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வதால், குறிப்பாகக் கருவுற்ற பெண்களுக்கு, இரத்தச் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழக்கூடும். மலேரியா மயக்கமும் சர்க்கரை தாழ்ந்த மயக்கமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், சர்க்கரையை அளந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்து தோலில் இரத்தப் புள்ளிகள் தோன்றுவது எதிர்ப்பாற்றலால் வருவது. அதை மட்டும் ஒவ்வாமை வகையில் சேர்க்கலாம், அது கண்டவருக்கு இம்மருந்தை மறுபடி கொடுக்கக் கூடாது. கடும் மலேரியாவுக்கு இன்று ஆர்ட்டிசுனேட் ஊசியே முதல் மருந்தாகிவிட்டதால் கொயினா இரண்டாம் இடத்துக்குப் போயிருக்கிறது. சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களுக்கு, மலேரியாவுக்கே கொடுக்கப்படும் பிரைமாகுயின் மாத்திரையால் சிவப்பணுக்கள் சிதைவதை இதே சொல்லால் குறிக்கக் கூடாது. அது வேறு மருந்து, வேறு தீங்கு, அதற்குச் ‘சிவப்பணுச் சிதைவு’ என்ற சொல்லே உரியது.