சோல் மீனா, நாக்குமீனா?

ஆம்பூர்ப் பக்கம் 'சோல்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஷூவில் அப்பர் மேலே, சோல் கீழே. ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் மாமா பையன், வேலூரில் ஓர் ஓட்டல் மெனுவில் 'சோல் ஃபிஷ் ஃப்ரை' என்று பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, அடி சோலையா பொரிச்சுத் தர்றாங்க?" என்றான். எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து சொல்லின் வேரைத் தேடினால், அவன் கேட்டதில் பாதி சரிதான்.

லத்தீனில் 'சோலேயா' என்றால் செருப்பு. தட்டையான அடி, காலோடு சேர்த்துக் கட்ட வார், அவ்வளவுதான். ரோமானியர்கள் தங்கள் பக்கத்துத் தட்டை மீன் ஒன்றையும் அதே சொல்லால் அழைத்தார்கள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'சோல்' ஆயிற்று. ஆக ஷூவின் சோலும் மீனின் சோலும் ஒரு வேரில் கிளைத்தவை. ஆங்கிலத்தில் 'ஒரே' என்ற பொருளில் இன்னொரு சோல் உண்டு. அதன் வேர் வேறு. இது தெரியாமல் மொழிபெயர்த்தால் 'ஒரே மீன்' என்று வந்து நிற்கும். கொஞ்சம் தெரிந்தவர் 'உள்ளங்கால் மீன்' என்று ஆக்குவார். இரண்டும் வேண்டாம். நம் கடலில் கிடைக்கும் சோலுக்குக் கடற்கரைப் பேச்சிலேயே பெயர் இருக்கிறது: நாக்குமீன்.

கையில் எடுத்துப் பார்த்தால் வேறு பெயர் தோன்றாது. தலைப்பக்கம் வட்டம், வால் பக்கம் ஒடுக்கம், கனம் குறைவு. முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் வாலோடு ஒன்றாகி, புடவைக் கரை மாதிரி உடம்பைச் சுற்றி ஓடும். வளர்ந்த மீனுக்கு மார்புத் துடுப்பு கிடையாது. மேலே தெரியும் பக்கம் பழுப்பு, தரையில் படும் பக்கம் வெள்ளை. பொடிக் கண்கள் இரண்டும் நெருங்கி, இடது பக்கத்திலேயே இருக்கும். பார்க்கிறவர்கள் குப்புறக் கிடக்கிறது என்பார்கள். இல்லை, அது வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருக்கிறது.

பிறக்கும்போது இப்படி இல்லை. முட்டையிலிருந்து வரும் குஞ்சு மற்ற மீன்களைப் போல நிமிர்ந்துதான் நீந்தும். பக்கத்துக்கு ஒரு கண். பிறகு வலது கண் மெல்ல நகர்ந்து இடப்பக்கம் வந்து சேரும். மண்டையோடும் அதற்கேற்ப முறுக்கிக்கொள்ளும். இந்த உருமாற்றத்தை முடுக்குவது தைராய்டு சுரப்பு. தலைப்பிரட்டை வாலை இழந்து தவளையாவதும் அதே சுரப்பால்தான். அதன்பின் மீன் சேறும் மணலுமான அடித்தரைக்கு இறங்கி, உடம்பை அலைத்து மேலே மண்ணைப் போர்த்திக்கொண்டு, கண்களை மட்டும் வெளியே விட்டுக் கிடக்கும். சேற்றுப் புழுக்களும் பொடி இறால் வகைகளும் இரை.

இதில் சிறியது கேரள, கர்நாடகக் கரையில் கிடைக்கும் மலபார் நாக்குமீன். ஒரு சாணைத் தாண்டாது. மலையாளத்தில் மாந்தள். சினோகுளோசஸ் மேக்ரோஸ்டோமஸ் என்பது அறிவியல் பெயர். பின்பாதிக்குப் 'பெரிய வாய்' என்று பொருள். முன்பாதிதான் வேடிக்கை. கிரேக்கத்தில் அது 'நாய் நாக்கு'. பேரினத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் ஹாமில்டன், 1822இல், கங்கை மீன்களைப் பற்றிய நூலில். அப்போது ஓர் இனத்துக்கு 'சினோகுளோசஸ் லிங்குவா' என்று பெயரிட்டார். லிங்குவா என்றாலும் நாக்குதான். நாய்நாக்கு நாக்கு!

இந்த ஹாமில்டன் நமக்கு அந்நியர் இல்லை. அப்போது பிரான்சிஸ் புக்கானன் என்ற பெயரோடு, திப்பு வீழ்ந்த மறு வருஷம், 1800இல், சென்னையிலிருந்து மைசூர்ச் சீமைக்குக் கிளம்பி ஆற்காடு, வேலூர் வழியாகத்தான் போனார். போகிற வழியெல்லாம் பயிரையும் தொழிலையும் குறித்துக்கொண்டே போனவர். கடல்மீன் குறிப்புக்கு நம் பாலாற்றங்கரையில் வழியில்லை!

தமிழ்ச் சொல்லே அறிவியல் பெயராக ஏறிய கதையும் உண்டு. நாக்குமீனுக்குத் தூரத்து உறவான பெரிய தட்டைமீன் ஒன்றின் பெயர் செட்டோடஸ் எருமை. ஆமாம், நம் எருமையேதான். தரங்கம்பாடிக் கரையில் மீனவர்கள் 'எருமை நாக்கு' என்றதில் பாதியை எடுத்து, 1801இல் ஜெர்மன் அறிஞர்கள் ப்ளாக், ஷ்னைடர் இருவரின் மீன் நூலில் அச்சேற்றிவிட்டார்கள். தரங்கம்பாடியிலிருந்த மிஷன் பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், ப்ளாக்குக்கு மீன்களை அனுப்பிக்கொண்டிருந்தவர். பழைய கிரேக்கர்களும் சோல் மீனை 'மாட்டு நாக்கு' என்றே சொன்னார்கள். போர்த்துகீசியர், துருக்கியர், மலாய்க்காரர் சொல்லும் பெயர்களிலும் நாக்குதான். செருப்பைப் பார்த்தவர்கள் ரோமானியர்கள்.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண் ஒருபக்கம் போன மீன் கூட்டம் முழுவதையும் குறிக்கத் 'தட்டைமீன்' என்று எழுதலாம். 'நாக்குமீன்' அதில் ஒரு பிரிவு. ஐரோப்பியச் சமையலில் வரும் சோல் வேறு குடும்பம்; அதற்குக் கண்கள் வலப்பக்கம். அதை 'ஐரோப்பிய நாக்குமீன்' என்று எழுதினால் குழப்பம்தான். அங்கே 'சோல்' என்றே விட்டுவிடலாம்.

வேலூர் மார்க்கெட்டுக்கு நாக்குமீன் ஐஸ் பெட்டியில் எப்போதாவதுதான் வரும். வாங்கினால் செதிலைச் சுரண்டிக்கொண்டு நிற்க வேண்டாம். தலைப்பக்கம் கீறி, தோலை வால்வரை இழுத்தால் சட்டை மாதிரி கழன்றுவிடும். முழுப்பெயர் சொல்லிக் கேளுங்கள். வெறும் 'நாக்கு' என்றால் எதிர்க்கடையில் ஆட்டு நாக்கைக் காட்டுவார்கள்.