முடி நட்டுக்கொண்ட பிறகு மருந்தை நிறுத்துபவர்களுக்கு

களியக்காவிளைக்கு அப்பால், பாறசாலைப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் சென்ற வாரம் தன் தாயாருடன் மார்த்தாண்டத்தில் உள்ள என் கிளினிக்குக்கு வந்திருந்தார். வயது 31. ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். இரண்டு ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் வந்தபோது ஒரு பெருநகரத்துக்குப் போய் 2,400 கிராஃப்ட் (வேரோடு எடுத்து நடும் சிறு முடிக்கொத்து) வைத்துக்கொண்டவர். உள்ளே வந்து உட்கார்ந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு, "சாரே, வெச்ச முடி எல்லாம் போச்சு. நல்லா ஏமாத்திட்டாங்க" என்றார். இந்த ஒரு விடுமுறைக் காலத்தில் மட்டும் இதே வாக்கியத்தை நான் கேட்பது ஐந்தாவது முறை. பொறுமை தீர்ந்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

"போன இடத்தைக் காட்டுங்கள்" என்றேன். அவர் உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினார். உச்சந்தலையில் அவருக்கு யாரும் ஒரு முடிகூட நடவில்லை. அவர் கொண்டுவந்திருந்த டிஸ்சார்ஜ் சீட்டிலேயே, நட்டது முன்நெற்றி வரிசையும் இரு பக்க மூலைகளும் என்று தெளிவாக எழுதியிருந்தது. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் அந்த முன்வரிசை அப்படியே தடித்து, கறுத்து நிற்கிறது. அதற்குப் பின்னால் உள்ள பகுதியில்தான் தடித்த முடியும் பூனைமுடி போல் மெலிந்த முடியும் கலந்து, இடையிடையே தோல் பளபளக்கிறது. போனது நட்ட முடி அல்ல. அவருடைய சொந்த முடி. பதினொரு மாதம் வழுக்கையைத் தடுக்கும் மருந்து எடுத்துவிட்டு, பிறகு பதின்மூன்று மாதமாக எதையும் தொடவில்லை என்பதை நான் இரண்டு முறை கேட்ட பிறகுதான் சொன்னார்.

என்னை எரிச்சலூட்டுகிற தவறான நம்பிக்கை இதுதான்: முடி வைத்தாகிவிட்டது, ஆகவே வழுக்கை தீர்ந்துவிட்டது. தீரவில்லை. முடி மாற்று சிகிச்சை என்பது பின்னந்தலையில் இருந்த முடியை வேரோடு எடுத்து முன்னந்தலையில் வைப்பது மட்டுமே. உங்கள் தலையில் புதிதாக ஒரு முடியும் அதனால் கூடுவதில்லை, வழுக்கையை உண்டாக்கும் காரணம் எதுவும் அதனால் நீங்குவதும் இல்லை. இப்படி எடுத்து வைக்கும் முடி, வைத்த இடத்தின் குணத்தை ஏற்காமல் எடுத்த இடத்தின் குணத்தோடே வாழும் என்பதை நியூயார்க்கில் தோல் மருத்துவராக இருந்த நார்மன் ஓரன்ட்ரைக் 1959இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். இந்தச் சிகிச்சை முழுவதும் நிற்பது அந்த ஓர் உண்மையின் மேல்தான். "வெச்ச முடி கொட்டாது" என்று மருத்துவர் சொல்வதும் அதை வைத்துத்தான். கேட்பவர் காதில் அது "இனிமேல் முடியே கொட்டாது" என்று விழுகிறது. சொன்னதற்கும் கேட்டதற்கும் நடுவில் உள்ள அந்த ஒரு சொல்லின் வித்தியாசத்துக்குத்தான் இரண்டு ஆண்டு கழித்து என்னிடம் வந்து அழுகிறார்கள்.

கணக்காகவே பார்ப்போம். வழுக்கை தொடங்காத தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடி இருக்கும். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடி வரை இருக்கும்; சராசரியாக இரண்டு என்று வைத்தாலும் 2,400 கிராஃப்ட் என்பது 5,000 முடிக்குள் அடங்கிவிடும். கண்ணாடியில் அடர்த்தியாகத் தெரிவதன் பெரும்பங்கு, நடப்படாமல் முதலிலிருந்தே அங்கே இருந்த முடி. அந்த முடிக்கு அப்பாவும் தாய்மாமனும் விட்டுச்சென்ற வழுக்கைச் சொத்து இன்னும் பாக்கியிருக்கிறது. மருந்து கொடுத்தது அதைக் காப்பாற்றுவதற்கு.

மகனுக்கு முன்னால் இது தாயாருக்குப் புரிந்துவிட்டது. அவர்களுக்கு அரை ஏக்கர் ரப்பர் விளை இருக்கிறது. "விளையில் ஒரு ஓரத்தில் நோய் தாங்கும் புதுக் கன்று வைத்தீர்கள், மீதி எல்லாம் பழைய மரம். புதுக் கன்று வைத்தாயிற்று என்று பழைய மரத்துக்கு மழைக்கு முன்னால் மருந்து அடிப்பதை நிறுத்துவீர்களா?" என்று கேட்டேன். துருசும் (மயில்துத்தம்) சுண்ணாம்பும் கலந்து ஒவ்வோர் ஆண்டும் இடவப்பாதி மழைக்கு முன் அடிக்கிற செலவை நினைத்தாரோ என்னவோ, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "அது எப்படி நிறுத்த முடியும்? ஒரு வருசம் விட்டா இலை எல்லாம் உதிர்ந்திருமே" என்றார். மகன் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

நான் சொல்லும் மருந்து இரண்டு: ஃபினாஸ்டெரைடு, மினாக்சிடில். ஃபினாஸ்டெரைடு முதலில் வயதானவர்களின் புராஸ்டேட் வீக்கத்துக்காக 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரை. 1 மில்லிகிராம் அளவில் ஆண்களின் வழுக்கைக்கு 1997இல் அனுமதி கிடைத்தது. மினாக்சிடில் ரத்த அழுத்த மாத்திரையாக இருந்தது; சாப்பிட்டவர்களுக்கு வேண்டாத இடத்திலெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள். இரண்டுமே தடுத்து நிறுத்துபவை. குணப்படுத்தி முடிப்பவை அல்ல. சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை ஏறும் என்பதை ஏற்றுக்கொள்கிற மனம், இதை மட்டும் ஏற்க மறுக்கிறது.

நிறுத்துபவரை ஏமாற்றுவது இடையில் உள்ள காலம். ஃபினாஸ்டெரைடை நிறுத்தி இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தில் டி.எச்.டி. (அந்த மாத்திரை அடக்கிவைத்திருந்த, முடி வேரைச் சுருக்கும் ஹார்மோன்) பழைய அளவுக்குத் திரும்பிவிடும். ஆனால் முடி அன்றே கொட்டாது. வேரில் வளர்ச்சி நின்ற முடி, உதிர்வதற்கு முன் ஏறக்குறைய மூன்று மாதம் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே முதல் இரண்டு, மூன்று மாதம் ஒன்றும் நடக்காது. "நிறுத்திப் பார்த்தேன், ஒரு முடியும் போகவில்லை, அப்படியானால் அந்த மருந்து வீண்செலவுதானே?" என்ற முடிவுக்கு மனிதர் வருவது அப்போதுதான். மினாக்சிடிலால் தங்கியிருந்த முடி மூன்று, நான்கு மாதத்தில் போகத் தொடங்கும். ஃபினாஸ்டெரைடால் கிடைத்த பலன் ஓர் ஆண்டுக்குள் கரைந்துவிடும். அதற்குள் மருந்தை நிறுத்தியதே மறந்து போயிருக்கும். பழி வேறு எதன் மீதாவது விழும்.

பெரும்பாலும் தண்ணீரின் மீது. வளைகுடாவிலிருந்து வருபவர்களில் பாதிப் பேருக்கு அங்குள்ள தண்ணீர்தான் குற்றவாளி. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், நுனியில் உடைக்கும். ஆண் வழுக்கையை உண்டாக்காது. இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அதே தண்ணீர்தான் பின்னந்தலையிலும் விழுகிறது. அங்கே முடி ஏன் போகவில்லை என்று ஒரு முறை யோசித்தால் போதும்.

ஏன் நிறுத்துகிறார்கள் என்று பொறுமையாகக் கேட்டால் காரணங்கள் வெளியே வரும். கொண்டுபோன ஆறு மாத மருந்து தீர்ந்தது, அங்கே யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அறைத்தோழர்கள் கேலி செய்தார்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஒரு குரல்பதிவைக் கேட்டுப் பயந்துவிட்டார். இவற்றைவிட அடிக்கடி கேட்பது கல்யாணம். பெண் வீட்டாருக்கு முடி வைத்த விஷயம் தெரியக்கூடாது என்று கல்யாணத்துக்கு முதல் வாரமே மினாக்சிடில் பாட்டிலை ஒளித்துவைத்து, பிறகு எடுக்கவே வழியில்லாமல் போனவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் பாட்டிலை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்திருந்தார். தலையில் தடவ வேண்டும் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். எத்தனை நாள் அது நடக்கும்? மனைவியிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் பழைய போட்டோ ஏதாவது ஓர் உறவினரின் கல்யாண ஆல்பத்தில் இருக்கத்தான் செய்யும்.

எங்கள் தொழிலில் உள்ளவர்களையும் நான் விட்டுவிட முடியாது. டிஸ்சார்ஜ் சீட்டில் மூன்று மாத மருந்தை எழுதிவிட்டு, அதற்குப் பிறகு என்ன என்று ஒரு வரியும் எழுதாத இடங்கள் இருக்கின்றன. வாழ்நாள் உத்தரவாதம் என்று விளம்பரப் பலகை வைத்தால் நோயாளி வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டியிருக்கும் என்று முதல் நாளே சொன்னால் ஆள் எழுந்து போய்விடுவார் என்ற பயத்தில் அதை அடக்கி வாசிக்கிறார்கள். சொல்லிவிட்டு ஆளை இழப்பது மேல் என்பது என் கருத்து.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவாக்க வேண்டும். எல்லா உதிர்வும் ஒன்றல்ல. நட்ட இரண்டாவது வாரம் முதல் ஆறாவது வாரம் வரை நட்ட முடியின் தண்டு உதிர்ந்துவிடும். வேர் உள்ளே இருக்கும், மூன்று, நான்கு மாதத்தில் மீண்டும் முளைக்கத் தொடங்கும், முழுப் பலனைப் பார்க்க ஓர் ஆண்டு ஆகும். மினாக்சிடில் தொடங்கிய முதல் சில வாரங்களிலும் கொஞ்சம் கொட்டும்; பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புது முடி கிளம்புவதால் வருவது அது. இந்த இரண்டுக்கும் பயந்து மருந்தை நிறுத்துகிறவர்கள், தானாக நின்றுவிடக்கூடிய உதிர்வை நிரந்தர உதிர்வாக மாற்றிக்கொள்கிறார்கள்.

பக்க விளைவே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஃபினாஸ்டெரைடு சிலருக்குப் பாலுணர்வைக் குறைக்கும், விறைப்பில் சிரமம் தரும். மனச்சோர்வு வருபவர்களும் உண்டு. அதை அனுபவிப்பவர் பொறுத்துக்கொண்டு விழுங்க வேண்டியதில்லை. மனநிலை மாறினால், வாழ்க்கையே வெறுப்பாகத் தோன்றினால், அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டு உங்கள் மருத்துவரைக் கூப்பிடுங்கள். குழந்தைக்காகக் காத்திருப்பவர்களில் சிலருக்கு விந்தணு எண்ணிக்கை குறையலாம், நிறுத்தினால் திரும்பும். அதையும் மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். மாற்று வழிகள் எங்களிடம் இருக்கின்றன. நான் எதிர்ப்பது நிறுத்துவதை அல்ல, யாரிடமும் சொல்லாமல் நிறுத்துவதை.

மருந்தைத் தொடர்பவர்களுக்கு: ஓரிரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் ஆகாது, மறுநாள் இரட்டை மாத்திரை போடாதீர்கள். காசு மிச்சம் என்று 5 மில்லிகிராம் மாத்திரையை வாங்கி வீட்டில் கத்தியால் நான்காக வெட்டாதீர்கள். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிப் பெண் தொடக்கூடாது, வயிற்றில் உள்ள ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சியை அது பாதிக்கலாம். ஃபினாஸ்டெரைடு எடுப்பவர் ரத்த தானம் செய்ய விரும்பினால், கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதமாவது கழிய வேண்டும். முகாமுக்குப் போகிற ஆர்வத்தில் இதை மறைக்காதீர்கள். வயதானவர்கள் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை) செய்யும்போது இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த எண்ணை ஏறத்தாழ பாதியாகக் குறைத்துக் காட்டும். வீட்டில் பூனை இருந்தால் மினாக்சிடில் தடவிய தலை பட்ட தலையணையில் அதைப் படுக்கவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம். வெளிநாடு போகிறவர்கள் மருந்தை அதன் உறையிலேயே, பெயர் எழுதிய மருந்துச் சீட்டோடு கொண்டுபோங்கள், போகும் நாட்டின் விதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், தீர்வதற்கு ஒரு மாதம் முன்பே எங்களுக்குத் தகவல் அனுப்புங்கள்.

விட்டுவிட்டவர்கள் திரும்பத் தொடங்கலாம். வேர் முற்றிலும் சுருங்குவதற்குள் வந்தால் ஓரளவு மீட்கலாம். போன அத்தனையும் வரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. "இன்னொரு தடவை வைத்துக்கொள்ளலாமே" என்பவர்களுக்கு: பின்னந்தலை வற்றாத கிணறு அல்ல. வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்தே பலருக்கு 6,000 கிராஃப்டுக்கு மேல் எடுக்க முடியாது. அதில் 2,400ஐ முப்பது வயதுக்குள் செலவழித்துவிட்டவர் மீதியை யோசித்துத்தான் தொட வேண்டும்.

பாறசாலைக்காரருக்கு மாத்திரையும் லோஷனும் மறுபடி எழுதிக்கொடுத்தேன். முதல் சில வாரம் கொட்டும், கூப்பிட்டுப் பயமுறுத்தாதீர்கள் என்று சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதினேன். உச்சந்தலையை நான்கு கோணத்தில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த படத்தை அவர் ஷார்ஜாவிலிருந்து ஆறாவது மாதம் அனுப்ப வேண்டும். கதவருகே போன பிறகு தாயார் திரும்பி வந்து, "டாக்டரே, செம்பருத்தித் தாளி தேச்சுக் குளிக்கலாமா?" என்று கேட்டார். தாராளமாகக் குளிக்கட்டும், லோஷன் தடவி நான்கு மணி நேரம் கழிந்த பிறகு என்றேன்.