டெரஸ்: தொடர்வீட்டு வரிசை

நம் பேச்சில் டெரஸ் என்றால் மொட்டைமாடி. இங்கிலாந்தின் கட்டடங்களைப் பற்றி எழுதும்போது இதே சொல், பக்கச் சுவர்களைப் பொதுவாகக் கொண்டு, ஒரே முகப்புடன் இடைவெளியின்றி நிற்கும் வீட்டு வரிசையைக் குறிக்கிறது.

இதன் வேர், மண் எனப் பொருள்படும் ‘தெர்ரா’ என்னும் இலத்தீன் சொல். அதன் வழிவந்த பிரெஞ்சுச் சொல், மண்ணைக் குவித்து உயர்த்திய மேடையைச் சுட்டியது. ஆங்கிலத்திலும் அது இப்பொருளில் வழங்கியது. லண்டனில் தேம்ஸ் ஆற்றின் சரிவான கரையில் கட்டடக் கலைஞர்களான ஆடம் சகோதரர்கள் 1768இல் தொடங்கிய அடெல்ஃபி குடியிருப்பு, வளைவுகள் தாங்கிய உயர்ந்த மேடைமீது எழுந்தது. இத்தகைய மேடைகளின் பெயர் அவற்றின்மேல் நின்ற வீடுகளுக்கும் ஆகிவந்தது. நம் இலக்கணப்படி இது இடவாகுபெயர். பிறகு மேடையே இல்லாத வரிசைகளும் அப்பெயரைப் பெற்றன.

பண்டைய கிரேக்க, ரோமானியக் கட்டடங்களைப் பின்பற்றிய புதுச்செவ்வியல் பாணியில் இவ்வகை எட்டிய உச்சம், இங்கிலாந்தின் பாத் நகரிலுள்ள ராயல் கிரெசண்ட் என்பேன். கட்டடக் கலைஞர் இளைய ஜான் வுட் வடிவமைக்க, 1767 முதல் 1774 வரை பிறை வளைவில் எழுந்த இவ்வரிசையில் 30 வீடுகள் உள்ளன. தரைத்தளத்தை அணியின்றி விட்டு, அதற்கு மேலுள்ள இரு தளங்களையும் ஒருசேரத் தழுவி நிற்கும்படி தலைப்பகுதியில் சுருள் வடிவம் கொண்ட 114 அயோனிக் தூண்களை நிறுத்தியதால், தனித்தனி வீடுகள் என்பது கண்ணுக்குத் தெரியாமல், தேன்நிறச் சுண்ணக்கல்லால் ஆன ஒரே அரண்மனையாகவே முகப்பு தோன்றுகிறது. பின்புறம் போனால் காட்சி வேறு. முகப்பில் தமக்குரிய நீளத்தை வாங்கியவர்கள், அதன் பின்னால் தத்தம் கட்டடக் கலைஞரைக் கொண்டு விருப்பப்படி கட்டிக்கொண்டதால், அங்கே கூரையின் உயரமும் சன்னல்களின் இடமும் வீட்டுக்கு வீடு மாறுகின்றன. பொதுவில் ஒழுங்கு, உள்ளே உரிமை என்னும் இந்த ஏற்பாட்டை அறியாமல் இக்கட்டடத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘அடுக்கு வீடு’ பொருந்தாது. அது ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த குடியிருப்பு. ‘வரிசை வீடு’ என்பது இடைவெளிவிட்டு நிற்கும் வீடுகளுக்கும் பொருந்திவிடும். ‘தொடர்மனை’ காதுக்கு இனியது, ஆனால் மனை என்றால் இன்று வீடு கட்டும் நிலத்தையே பலரும் நினைக்கிறார்கள். எனவே இவ்வகை வீடு ஒன்றுக்குத் ‘தொடர்வீடு’ என்பதையும், முழுக் கட்டடத்துக்குத் ‘தொடர்வீட்டு வரிசை’ என்பதையும் ஆளலாம். ராயல் கிரெசண்ட் போன்று வளைந்தவற்றைப் ‘பிறைவடிவத் தொடர்வீட்டு வரிசை’ எனலாம்.