இளவரசனுக்கு யார் போட்ட சாபம்?

"அவர் கெட்டவர் இல்ல மேடம்." என் அறைக்கு வரும் பெண்களில் பலர் பேச்சை இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டேன், தண்ணீர் டம்ளரைத்தான் நகர்த்தி வைத்திருப்பேன். அதற்குள் கணவருக்கு நற்சான்று வந்துவிடும், பிறகுதான் நடந்தது வரும்.

குடும்பநல ஆலோசகராக இருக்கிறேன். யாருடைய கதையையும் நான் எழுதுவதில்லை. இங்கே சொல்லும் பெண், பலர் சொன்னதைச் சேர்த்து அடையாளம் மாற்றி எழுதிய ஒருத்தி. வேலைக்குப் போகிறவள், காதல் திருமணம். பழகி மூன்றே மாதத்தில் கல்யாணப் பேச்சு. அவளுடைய பிறந்தநாளுக்கு ராத்திரி பஸ் பிடித்து, விடியற்காலையில் ஹாஸ்டல் வாசலில் கேக்கோடு வந்து நின்றவன் அவன். "இப்படி ஒருத்தன் கதையிலதான் வருவான்னு ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சொன்னாங்க" என்றாள். கல்யாணத்துக்கு அப்புறம் போன் லாக் எண் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும், ஏடிஎம் கார்டு அவனிடம்தான் இருக்க வேண்டும், அம்மா வீட்டுக்குப் போனால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் கன்னத்தில் ஓர் அறை. "ஆபீஸ் டென்ஷன் மேடம். நானும் அந்த நேரத்துல வாயைத் திறந்திருக்கக் கூடாது."

இந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சகுந்தலை ஞாபகம் வருகிறாள். மகாபாரதத்தில் அவள் கதை வேறு மாதிரி. கண்வர் ஆசிரமத்தில் அவளை மணந்துகொண்டு போன துஷ்யந்தனிடம், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவளே அரண்மனைக்குப் போகிறாள். அவனுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. நினைவிருந்தே, நீ யார் என்று கேட்கிறான், சபையில் வைத்து அவமானப்படுத்துகிறான். அவள் அழுதுகொண்டு ஒதுங்கவில்லை, நேருக்கு நேர் நின்று வாதாடுகிறாள். வானிலிருந்து குரல் ஒலித்த பிறகுதான், எனக்கு முன்பே தெரியும், ஊர் சந்தேகப்படக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்கிறான். அங்கே மோதிரமும் இல்லை, சாபமும் இல்லை.

துஷ்யந்தன் அவளை மறக்கும்படி துர்வாச முனிவர் போட்ட சாபத்தையும், மீனின் வயிற்றில் கிடைத்து அவனுக்கு நினைவைத் திருப்பித் தந்த மோதிரத்தையும் நாம் அறிந்திருப்பது காளிதாசரின் நாடகத்தால். காதல் நாயகன் குறையில்லாதவனாக இருந்தாக வேண்டும், ஆனால் அவன் அவளை மறுக்கவும் வேண்டும், அதற்கு ஒரு சாபம் தேவைப்பட்டது. அந்தச் சாபம் யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். அவனையே நினைத்து மெய்மறந்திருந்ததால் வாசலுக்கு வந்த முனிவரை அவள் கவனிக்கவில்லை, அது அவள் பிழை. தண்ணீரில் மோதிரத்தைத் தவறவிட்டதும் அவள். அவன் மறந்ததற்கான காரணம் அப்படியே அவள் கைக்கு வந்துவிட்டது. மகத்தான கவிதைதான், எனக்கு மிகவும் பிடித்த நாடகமும்கூட. ஆனால் ஒரு பெண் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டே "நான்தான் பேசியிருக்கக் கூடாது" என்று சொல்லும்போது, அந்த மோதிரம் தண்ணீரில் நழுவுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது.

ஐரோப்பாவிலும் இதே வேலை நடந்திருக்கிறது. நூறு வருடம் தூங்கும் அழகியின் கதையை நம் பிள்ளைகளுக்கு முத்தத்தோடும் கல்யாணத்தோடும் முடித்துச் சொல்கிறோம். இந்தக் கதையின் பழைய அச்சு வடிவம் ஒன்று இத்தாலியின் நேப்பிள்ஸைச் சேர்ந்த எழுத்தாளர் பசீலேயின் தொகுப்பில் இருக்கிறது, 1634-க்கும் 1636-க்கும் இடையில் வெளியானது. அதில் வருகிறவன் ஏற்கெனவே மணமான ராஜா. தூங்கிக்கொண்டிருக்கும் பெண்ணை உறக்கத்திலேயே கர்ப்பமாக்கிவிட்டுப் போய்விடுகிறான். பிரான்சில் எழுத்தாளர் பெரோ 1697-இல் எழுதியபோது ராஜா கல்யாணமாகாத நல்ல இளவரசனாக மாறிவிட்டான். ஆனால் பெரோ கல்யாணத்தோடு நிறுத்தவில்லை, அந்தப் பின்பாதியைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர்க் குடும்பத்தைப் பார்த்த மாதிரியே இருந்தது. இளவரசன் தன் கல்யாணத்தை இரண்டு வருடம் வீட்டில் சொல்லாமல் மறைக்கிறான், வேட்டையில் வழி தவறி கரி சுடுகிறவன் குடிசையில் படுத்துக்கொண்டேன் என்று அப்பாவிடம் பொய் சொல்கிறான். காரணம், அம்மா அரக்கர் குலம், குழந்தைகளைத் தின்னும் ஆசை உள்ளவள். அப்பா இறந்து, தான் ராஜாவான பிறகுதான் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அரண்மனைக்கு அழைத்து வருகிறான். அப்புறம் என்ன செய்கிறான்? அவர்களை அந்த அம்மாவின் பொறுப்பிலேயே விட்டுவிட்டுப் போருக்குக் கிளம்பிவிடுகிறான்! பேத்தியைக் குழம்பு வைக்கச் சொல்கிறாள் பாட்டி, சமையல்காரர் ஆட்டுக்குட்டியை அடித்துப் போட்டுக் காப்பாற்றுகிறார். கடைசியில் அரக்கி செத்துப்போகிறாள், இளவரசன் மேல் ஒரு சொல் பழி இல்லை.

தெரிந்தே விட்டுவிட்டுப் போனது யார் என்று கதை கேட்பதில்லை. நம் வீடுகளிலும் கேட்பதில்லை. "அவர் தங்கமானவர், அவங்கம்மாதான் சரியில்ல" என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்! மாமியாரால் வரும் தொல்லை உண்மையாகவே இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மா என்ன செய்வார் என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் அந்த நேரம் பார்த்து வெளியே போய்விடுகிற மகனைப் பற்றியும் பேசத்தான் வேண்டும்.

ஜெர்மனியில் கதைகள் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812-இல் அந்தத் தூங்கும் அழகியின் கதையைக் கல்யாணத்தோடு முடித்தார்கள், பின்பாதி அப்படியே உதிர்ந்துவிட்டது. அவர்கள் தொகுத்த சிண்ட்ரெல்லாவில் இன்னொரு விஷயம் உண்டு. மூன்று நாள் அவளோடு நடனமாடிய இளவரசன், அவள் விட்டுப்போன செருப்புக்குள் கால் விரலை வெட்டிக்கொண்டு நுழைத்த அக்காவைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு போகிறான், பிறகு குதிகாலை வெட்டிக்கொண்டவளையும். இரண்டு முறையும் புறாக்கள் ரத்தத்தைக் காட்டிக் கொடுத்த பிறகுதான் திரும்பி வருகிறான். அவனுக்குச் செருப்பு தெரிகிறது, முகம் தெரியவில்லை. மூன்று மாதப் பழக்கத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்வேன்.

இப்போது போனில் தொடராக வரும் காதல் கதைகளைப் பார்க்கிறேன், வருகிறவர்கள் சொல்லித்தான் படிக்க ஆரம்பித்தேன். நாயகன் பெரிய கம்பெனி முதலாளி, கோபக்காரன், சில கதைகளில் கட்டாயத் தாலி, மிரட்டல். இருபது அத்தியாயம் கழித்து ஒரு ஃபிளாஷ்பேக் வரும், சின்ன வயதில் அம்மா விட்டுப் போனாள் அல்லது ஒருத்தி ஏமாற்றினாள் என்று. அந்த ஃபிளாஷ்பேக்தான் இன்றைய துர்வாச சாபம். நாயகி பொறுத்துப் பொறுத்துச் சாபத்தைத் தீர்த்துவிடுவாள். படிக்காதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், நாள் முழுக்க உழைத்துவிட்டு ராத்திரி அரை மணி நேரம் கதை படிப்பது அவர்களுக்கு இருக்கும் ஒரே ஓய்வு. ஆனால் கதையில் அவன் மாறிவிடுவான் என்று எழுதுகிறவருக்குத் தெரியும். வீட்டில் அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

சரி, என் அறையில் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். ஒரு தாளை நெட்டாகக் கோடு போட்டுக் கொடுப்பேன். இடப்பக்கம் அவர் என்ன செய்தார், வலப்பக்கம் ஏன் செய்தார். வலப்பக்கம் வேகமாக நிரம்பும்: டென்ஷன், குடி, அம்மா பேச்சு, ஜாதகத்தில் ஏழரைச் சனி, நான் சாப்பாடு லேட் பண்ணிட்டேன். பிறகு வலப்பக்கத்தை மடித்துவிட்டு, மீதியை மட்டும் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். நான் சொன்ன அந்தப் பெண் நான்கு வரி படித்தாள், ஐந்தாவது வரியில் நிறுத்தி, "இதை என் தங்கச்சி சொன்னா நான் என்ன சொல்லுவேன்" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

இன்னும் கல்யாணம் ஆகாதவர்களுக்கும் இது உதவும். விடியற்காலைக் கேக்கில் தவறே இல்லை. ஆனால் "இன்னிக்கு வேண்டாம்" என்று ஒரு சின்ன விஷயத்துக்கு மறுத்துப் பாருங்கள், அப்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். உங்கள் தோழிகளைப் பற்றி என்ன பேசுகிறார், கடையில் தண்ணீர் கொண்டுவரும் பையனிடம் எப்படிப் பேசுகிறார், தான் செய்த தப்புக்கு யாரைக் காரணமாகச் சொல்கிறார் என்பதையும் பாருங்கள். அவசரப்படுத்தினால் நீங்கள் நிதானமாகுங்கள். இளவரசனாக இருக்க முடியாமல் பரிசு வாங்கக் கடன் பட்டுக்கொண்டு வரும் பையன்களும் என்னிடம் உண்டு, அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அம்மாக்களே, பிள்ளை போன் செய்து அழுதால் "ஆம்பளன்னா கோபம் வரத்தான் செய்யும்" என்று வலப்பக்கத்தை நீங்கள் நிரப்பிக் கொடுக்காதீர்கள். என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அடி உதையை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. வார்த்தையாலும் மனதாலும் வதைப்பது, பாலியல் கொடுமை, சம்பளத்தையும் செலவையும் பிடித்து வைப்பது எல்லாம் அதில் அடங்கும். திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்கிறவர்களுக்கும் பொருந்தும். புகாரைப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுக்கலாம், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். பெண்கள் உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம். அழைக்கும்போது ஏன் செய்தார் என்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை. என்ன செய்தார் என்று சொன்னால் போதும்.